கடைசி மருந்தைக் கோழிக்குக் கொடுத்தோம்

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது நம் வீடுகளில் அசையாமல் உட்கார்ந்துவிட்ட நம்பிக்கை. "பொண்ணுங்க எட்டு வயசிலேயே வயசுக்கு வந்துடுதுங்க, எல்லாம் இந்தக் கறியாலதான்" என்று சொல்லாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. என் பெரியம்மா பிராய்லரை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். ஆனால் அது உண்மையில்லை. ஒரு கோழிச் செட்டில் ஐயாயிரம், பத்தாயிரம் கோழி நிற்கும். ஒவ்வொன்றையும் பிடித்துத் திரும்பத் திரும்ப ஹார்மோன் ஊசி போடுவது எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. நாற்பது நாற்பத்திரண்டு நாளில் இரண்டு கிலோ வருவதற்குக் காரணம், பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனமும் அதற்கென்றே கணக்குப் போட்டுச் செய்த தீவனமும்தான்.

ஊசிக் கதை எனக்குக் கவலை தருவது வேறு காரணத்துக்காக. இல்லாத ஒன்றுக்குப் பயந்துகொண்டிருப்பதால், இருக்கிற ஒன்றை நாம் கேட்பதே இல்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் சாகாத பாக்டீரியா, கடையில் விற்கும் பச்சைக் கறியின் மேல் இருக்கிறது. இந்தியாவில் மட்டுமல்ல, தேடிப் பார்த்த எல்லா நாட்டிலும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கறிக்குள் மருந்தின் மிச்சம் இருப்பது ஒரு விஷயம். கறியின் மேல் மருந்துக்கு அடங்காத கிருமி இருப்பது இன்னொரு விஷயம். பத்திரிகைகளில் பெரும்பாலும் வருவது முதல் விஷயம். 2014இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், டெல்லியிலும் சுற்றுப்பகுதியிலும் 70 கோழி மாதிரிகளை வாங்கிப் பரிசோதித்தது. 40 சதவீத மாதிரிகளில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தது. என்ரோஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின் என்று நம் மருந்துச் சீட்டில் பார்த்த பெயரும் அதன் பங்காளிப் பெயருமாக இருந்தன. அன்றைக்குப் பெரிய பரபரப்பு. ஆனால் விற்பதற்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்திவிட்டால் இந்த மிச்சம் கோழியின் உடம்பிலிருந்து வெளியேறிவிடும். பரிசோதனையில் கறி சுத்தம் என்று வரும். அந்த மருந்தைத் தின்று பிழைத்துப் பழகிய கிருமிகள் மட்டும் அதே கோழியின் குடலில் சௌக்கியமாக இருக்கும். வெட்டும்போது குடல் கிழிந்தால் கத்திக்கு வரும், கட்டைக்கு வரும், கறிக்கு வரும்.

மருந்து கொடுத்தால் கிருமி சாக வேண்டியதுதானே என்று கேட்கலாம். குணப்படுத்துகிற அளவில் கொடுத்தாலே சில தப்பிப் பிழைக்கும். தீவனத்தில் துளித் துளியாக வாரக்கணக்கில் கலந்து கொடுக்கும்போது, லேசானவை செத்து, தாக்குப்பிடிக்கத் தெரிந்தவை மட்டும் பெருகும். இதைவிடப் பெரிய சிக்கல், அந்தத் தாக்குப்பிடிக்கும் திறமையை அவை தங்களுக்குள் வைத்துக்கொள்வதில்லை. பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையத்தில் எழுதி, பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். பரீட்சை ஹாலில் ஒருவன் எழுதி வந்த பிட்டு பெஞ்சு பெஞ்சாகக் கைமாறுவது போலத்தான். கோழியின் குடலில் எழுதிய பிட்டு மனிதக் குடலில் வாழும் கிருமியின் கைக்கு வருவதற்கு, அந்தக் கோழிக் கிருமி நமக்கு நோய் தர வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. ஒரு முறை வந்து போனால் போதும்.

இந்தப் பழக்கம் ஆரம்பித்தது அமெரிக்காவில், 1940களின் கடைசியில். லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் தாமஸ் ஜூக்ஸ் என்பவர் கோழிக்குஞ்சுகளுக்கு வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்த பிறகு மிஞ்சும் சக்கையைத் தீவனத்தில் கலந்து பார்த்தார். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக எடை போட்டன. வேலை செய்தது வைட்டமின் மட்டும் இல்லை, சக்கையில் ஒட்டியிருந்த மருந்தும்தான் என்று பிறகு தெரிந்தது. 1950இல் இது வெளியே வந்ததும் உலகம் முழுக்கக் கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் மருந்து தீவனமாகிவிட்டது. நோய் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது.

இதனால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பதை ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவர் 1970களில் சோதித்துப் பார்த்தார். நான் படித்த ஆய்வுகளிலேயே எனக்கு அதிகம் பிடித்தது இது. பெரிய கருவி எதுவும் தேவைப்படாத ஆய்வு. பாஸ்டன் பக்கம் ஒரு சின்னப் பண்ணை, அதில் ஒரு குடும்பம், சுமார் 300 கோழிக்குஞ்சு. ஒரு பாதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம், மறுபாதிக்குச் சாதாரணத் தீவனம். ஒரு வாரத்துக்குள், மருந்து தின்ற கோழிகளின் குடலில் இருந்த கிருமிகள் கிட்டத்தட்ட எல்லாமே டெட்ராசைக்ளினுக்கு அடங்காதவையாகிவிட்டன. ஐந்தாறு மாதத்தில் அந்தப் பண்ணை வீட்டு மனிதர்களின் மலத்திலும் அவை ஏறிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அப்படி ஏறவில்லை. கொடுத்தது ஒரே ஒரு மருந்து. ஆனால் கிருமிகள் அந்த ஒன்றோடு நிற்காமல் கொடுக்காத மற்ற மருந்துகளையும் எதிர்க்கத் தொடங்கின. எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிட்டில் கட்டாகச் சேர்ந்து பயணம் செய்யும் என்பதால்தான் இப்படி.

1976இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. மருந்துத் தீவனத்தைப் பண்ணையிலிருந்து எடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த வீட்டில் பெரும்பாலானவர்களிடம் அந்தக் கிருமிகள் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டன. நிறுத்தினால் பின்வாங்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கொலிஸ்டின். இந்த ஒரு மருந்தின் கதையைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

1940களின் கடைசியில் ஜப்பானில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கண்டுபிடித்த மருந்து அது. சில காலம் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஓரங்கட்டிவிட்டார்கள். அதைவிட நல்ல மருந்துகள் அப்போது கையில் இருந்தன. பிறகு அந்த நல்ல மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்க ஆரம்பித்தன. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து, என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதைக் காட்டினார்கள். ஐ.சி.யூ.வில் பெரிய மருந்தாக இருந்த கார்பபெனம் வகையை அது உடைத்துப் போட்டுவிடும். அந்த நிலைமையில் மருத்துவர்கள் திரும்பிப் போய் எடுத்தது, சிறுநீரகம் போனாலும் உயிர் இருக்கட்டும் என்று எடுத்தது, பழைய கொலிஸ்டினைத்தான்.

மனிதர்கள் அதை மறந்திருந்த அத்தனை வருடமும் கால்நடைகளுக்கு அது போய்க்கொண்டே இருந்தது. மலிவு. சீனாவில் பன்றிக்கும் கோழிக்கும் டன் கணக்கில். இங்கே கோழித் தீவனத்தில், எடை கூட்டும் பொடி என்ற பெயரில். ஐ.சி.யூ.வில் ஊசியாக ஏற்றும் கடைசி மருந்து, பண்ணையில் தவிட்டோடு கலக்கிற பொடி. இதில் ஆத்திரப்படாமல் எழுத எனக்குத் தெரியவில்லை.

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். அதுவரை கொலிஸ்டினுக்கு எதிர்ப்பு என்றால் அந்தந்தக் கிருமிக்குள்ளேயே நடக்கும் மாற்றம், அடுத்ததற்குத் தாவாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். இது பிளாஸ்மிட்டில் உட்கார்ந்திருந்தது. தாவும். எங்கே கிடைத்தது என்று பாருங்கள். வெட்டுக்கு வந்த பன்றிகளிலிருந்து எடுத்த ஈ.கோலை கிருமிகளில் 21 சதவீதத்தில். குவாங்சோ நகரச் சந்தைகளிலும் சூப்பர்மார்க்கெட்டுகளிலும் வாங்கிய பச்சைக் கறியிலிருந்து எடுத்தவற்றில் 15 சதவீதத்தில். ஆஸ்பத்திரி நோயாளிகளிடமிருந்து எடுத்தவற்றில் 1 சதவீதத்தில். பண்ணை, கடை, படுக்கை என்று எண்கள் இறங்கி வருகிற வரிசையே எங்கிருந்து எங்கே வருகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

நம் ஊருக்கு வருகிறேன். சென்னையில் டாக்டர் அப்துல் கஃபூர் என்ற தொற்றுநோய் மருத்துவர் இதைப் பற்றிப் பல வருடமாகப் பேசிவருகிறார். 2012இல் மருத்துவச் சங்கங்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்து சென்னைப் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டதில் முன்னால் நின்றவர். அவருடைய குழு சென்னையில் கோழிக்கறி, ஆட்டுக்கறி, மீன், காய்கறி, பழம் என்று உணவு மாதிரிகள் வாங்கிப் பரிசோதித்ததில், கிட்டத்தட்டப் பாதி மாதிரிகளில் கொலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியா இருந்தது. காய்கறியும் பழமும் அந்தப் பட்டியலில் இருப்பதைச் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும். கோழி எரு லாரி லாரியாக வயலுக்குப் போகிறது. கறி சாப்பிடாத வீடு என்பது இதில் ஒரு பாதுகாப்பு இல்லை.

2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிக்கும் மீன், இறால் வளர்ப்புக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று தடை போட்டது. தாமதம்தான், ஆனால் சரியான முடிவு. அதற்காகக் குரல் கொடுத்த மருத்துவர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதெல்லாம் எனக்கு ஏட்டு விஷயமாக இல்லாமல் போனது சித்தியின் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்த அன்றைக்கு. சாதாரண சிறுநீர்த் தொற்று. கிருமி ஈ.கோலை. ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் மருந்துப் பெயர்கள், எதிரே கேட்கும் என்றால் 'எஸ்', கேட்காது என்றால் 'ஆர்'. மேலிருந்து கீழே 'ஆர்', 'ஆர்', 'ஆர்' என்று போய்க்கொண்டே இருந்தது. மாத்திரையாகக் கொடுக்கக்கூடிய எதுவும் கேட்காது என்று சொல்லி, தினமும் கையில் ஊசி ஏற்றித்தான் சரிசெய்தார்கள். சித்தி தேறிவிட்டார். அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தைய மருந்துகளிலிருந்து வந்திருக்கலாம், வேறு எதிலிருந்தும் வந்திருக்கலாம். கறியின் மேல் பழி போட நான் இதைச் சொல்லவில்லை.

ஆனால் கறிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் சம்பந்தம் உண்டா என்று தேடியபோது அமெரிக்காவில் அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃப் நகரத்தில் நடந்த ஒரு ஆய்வைப் படித்தேன். 2012ஆம் வருடம் முழுக்க அந்த ஊரின் பெரிய கடைகளில் கோழி, வான்கோழி, பன்றி இறைச்சி வாங்கி ஈ.கோலை எடுத்தார்கள். அதே வருடம் அதே ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளின் சிறுநீர், இரத்த மாதிரிகளிலிருந்தும் எடுத்தார்கள். இரண்டின் மரபணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். கோழிகளிடம் பழகிய வகை ஒன்று நோயாளிகளிடமும் இருந்தது. பின்னால் வந்த கணக்கின்படி, அந்த ஊரின் ஈ.கோலை சிறுநீர்த் தொற்றுகளில் சுமார் 8 சதவீதம் இறைச்சியிலிருந்து வந்திருக்கக்கூடும். நூற்றுக்கு எட்டு என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். பெண்களுக்கு எவ்வளவு சாதாரணமாக வருகிற தொற்று இது என்று நினைத்துப் பார்த்தால் சின்னதாகத் தெரியாது.

அப்படியானால் கறி சாப்பிடக் கூடாதா? நான் சாப்பிடுகிறேன். மருந்துக்கு அடங்காத கிருமி சூட்டுக்கு அடங்கும். ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் திறமை வேறு, கொதிநிலையைத் தாங்கும் திறமை வேறு. நன்றாக வெந்த குழம்பில் அது உயிரோடு இருக்காது. அந்த விதத்தில் நம் சமையல் நம்மைக் காப்பாற்றுகிறது. ஆபத்து அடுப்புக்கு முந்தைய அரை மணி நேரத்தில் இருக்கிறது. கறுப்புக் கவரில் சொட்டும் தண்ணீர், கறி தொட்ட கையோடு திறக்கும் குழாய், கழுவும்போது தெறிக்கும் துளி, அதே அருவாமனையில் நறுக்கும் வெங்காயப் பச்சடி.

கழுவுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை 2019இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், பச்சைக் கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் பிறகு கிருமி இருந்தது. கால்வாசிப் பேரின் சாலட் வரைக்கும் அது போயிருந்தது. அதை வைத்து அங்கே கழுவவே வேண்டாம் என்கிறார்கள். அங்கே கறி சுத்தம் செய்து பொட்டலத்தில் வருகிறது. நம் கடையில் கோழியை அறுத்து டிரம்மில் போட்டு, இறகோடு தோலை உரித்து, இரத்தமும் ஒட்டின இறகுமாக நம் கண்முன்னே வெட்டித் தருகிறார்கள். மஞ்சளும் உப்பும் போட்டு அலசாமல் அடுப்பில் வைக்க எந்த அம்மாவும் சம்மதிக்கமாட்டார், நானும் மாட்டேன். மஞ்சள் இந்தக் கிருமியைக் கொன்றுவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழ் பிடிக்காமல், அகலப் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மெதுவாக அலசுங்கள். பக்கத்தில் காய்கறியோ குடிதண்ணீர்க் குடமோ இருக்கக் கூடாது. முடிந்ததும் பாத்திரம், சிங்க், கை, குழாய்த் திருகு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சடிக்கு நறுக்குவதை முதலில் முடித்துவிட்டுப் பிறகு கறியைத் தொடுங்கள்.

நாட்டுக்கோழிக்கு மாறிவிட்டால் தீர்ந்தது என்று சொல்கிறவர்களுக்கு: நாட்டுக்கோழி என்று விற்பதில் இன்று பெரும்பகுதி பண்ணையில் அடைத்து வளர்த்ததுதான். புறக்கடையில் மேய்ந்ததாகவே இருந்தாலும், அதன் மேலும் அதே கட்டையின் ஈரம் படுகிறது. எந்தக் கறியானாலும் சமையலறைப் பழக்கம் ஒன்றுதான்.

பண்ணைக்காரர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சு கம்பெனி வண்டியில் வரும், தீவன மூட்டை வரும், மருந்தும் அதே வழியில் வரும். கோழி வளர்ந்ததும் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. செட்டும் கரண்ட் பில்லும் உழைப்பும் மட்டும் விவசாயியுடையது. அந்தப் பக்கம் இருக்கும் உறவினர் ஒருவரிடம் மருந்தைப் பற்றிக் கேட்டேன். "அவங்க குடுக்கறத தண்ணி டேங்க்ல கலக்கி உடறோம் கண்ணு. நாலு கோழி தல தொங்கிப்போச்சுன்னா மிச்சத்தக் காப்பாத்தற நெனப்புத்தான வரும்?" என்றார். எனக்கு அதில் தப்புத் தெரியவில்லை. நாலு கோழிக்கு நோய் வந்தால் ஐயாயிரத்துக்கும் ஒரே டேங்கில் மருந்து போவதைத் தவிர வேறு வழி இல்லாத மாதிரி அந்தத் தொழில் அமைந்திருக்கிறது. நெருக்கம், காற்றோட்டம், தடுப்பூசி, குஞ்சின் தரம் இவற்றைச் சரிசெய்யச் செலவாகும். அந்தச் செலவைக் கம்பெனியும் கறி வாங்கும் நாமும் ஏற்காதவரை மருந்துதான் மலிவு.

ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2006இல் முழுக்க நிறுத்தியது. 2022 ஜனவரியிலிருந்து, நோய் வராமலிருக்க வழக்கமாகக் கொடுத்துவைப்பதையும் நிறுத்தியது. அங்கே கோழி வளர்ப்பு அழிந்துவிடவில்லை. அமெரிக்கா 2005இல் கோழிக்கு என்ரோஃப்ளாக்ஸசின் கொடுப்பதைத் தடைசெய்தது, அந்த மருந்தைத் தயாரித்த கம்பெனி ஐந்து வருடம் எதிர்த்து வாதாடிய பிறகும். சீனா 2017இல் தீவனத்தில் கொலிஸ்டினை நிறுத்தியது. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் பன்றிகளிடமும் கோழிகளிடமும் எம்.சி.ஆர்.-1 கூர்மையாக இறங்கியது. ஆரோக்கியமான மனிதர்களின் குடலிலும் அது 2016இல் 14 சதவீதமாக இருந்து, 2019இல் 6 சதவீதமானது. லெவியின் சின்னப் பண்ணையில் நடந்தது ஒரு பெரிய நாட்டிலும் நடந்தது.

2019இல் நாம் தடைசெய்தது ஒரு மருந்தை. அதற்குப் பக்கத்தில் இன்னும் எத்தனையோ மருந்துகள் தண்ணி டேங்குக்குப் போகின்றன. ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 2002இலிருந்து அரசாங்கமே சாதாரணக் கடைகளில் பச்சைக் கறியை வாங்கி, அதில் இருக்கும் கிருமிகள் எந்தெந்த மருந்துக்கு அடங்கவில்லை என்று பார்த்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடுகிறது. சென்னை, கோவை, மதுரை, திருச்சிக் கடைகளிலிருந்து மாதாமாதம் கறி எடுத்து அதையே இங்கே செய்ய வேண்டும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வேலூரில் சி.எம்.சி. இருக்கிறது, செய்யத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முடிவுகளை ஊர்வாரியாகத் தமிழில் போட வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு இதைக் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். சேர்ந்து கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், அனுப்புவதற்கு முன் படிக்கத் தருகிறேன்.